தொற்று, எதிர்ப்பு சக்தி, மறதி நோய்: மரபணுக்கள் சொல்வது என்ன? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மறதி நோய் வந்த பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்தால், பேச்சு எப்படியும் "இது எதனால் வந்தது?" என்பதில் போய் நிற்கும். சமீப காலமாக அதற்கு ஒரு புதுப் பதிலும் சுற்றுகிறது. எப்போதோ வந்துபோன வைரஸ்தான் காரணம், மரபணு ஆதாரமே கிடைத்துவிட்டது என்கிறார்கள். இதில் பாதி உண்மை, அதுவும் மிக முக்கியமான உண்மை. மீதிப் பாதி இன்னும் நிரூபணம் ஆகவில்லை. இரண்டும் ஒன்றாகக் குழைந்து வாட்ஸ்அப்பில் வருவதால் குழப்பம். சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளையே இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

டிமென்ஷியா, அல்சைமர் இரண்டும் ஒன்றா?

இல்லை. டிமென்ஷியா என்பது ஒரு நிலை: நினைவு, பேச்சு, திட்டமிடல், வழி கண்டுபிடித்தல் எல்லாம் தளர்ந்து, அன்றாட வேலைக்கே இன்னொருவர் துணை தேவைப்படும் நிலை. அந்த நிலையைக் கொண்டுவரும் நோய்களில் அதிகம் காணப்படுவது அல்சைமர். மூளை ரத்தக்குழாய்களின் பாதிப்பால் வருவது இன்னொரு வகை. நம் ஊரில் பல பெரியவர்களுக்கு இரண்டும் கலந்தே இருக்கிறது. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான கணக்கெடுப்பு சொல்கிறது.

தொற்றுக்கும் மறதிக்கும் முடிச்சுப் போட்டது யார்?

பல பேர், பல காலமாக. ஆனால் ஒரு பெயரை விட்டுவிட முடியாது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரூத் இட்சாக்கி, வாய் ஓரத்தில் கொப்புளம் கொண்டுவரும் ஹெர்பிஸ் வைரஸின் டி.என்.ஏ. முதியவர்களின் மூளையில் இருப்பதை 1991-இல் கண்டுபிடித்தார். நோய் இல்லாதவர்களின் மூளையிலும் அது இருந்தது. அதனால் "வைரஸ் இருந்தால் நோய்" என்று அவரால் சொல்ல முடியவில்லை. 1997-இல் அவர் குழு அடுத்த படி போனது. ஏபிஓஇ-4 என்ற மரபணு வகையைக் கொண்டவர்களிடம், வைரஸும் மூளையில் இருந்தால், அல்சைமர் கூடுதலாகக் காணப்பட்டது. வைரஸ் மட்டும் போதாது, அதை எதிர்கொள்ளும் உடம்பின் மரபணுவும் சேர வேண்டும் என்ற எண்ணம் இப்படித்தான் வந்தது. பல ஆண்டுகள் அவர் பேச்சைப் பெரும்பாலோர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்புறம் பெரிய கணக்குகள் வந்தன. பின்லாந்தில் சுமார் 2.6 லட்சம் பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2021-இல் வெளியானது. மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குத் தொற்று வந்தவர்களுக்குப் பின்னாளில் டிமென்ஷியா வரும் வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்காக இருந்தது. பிரிட்டனில் ஐந்து லட்சம் பேர் பங்கேற்கும் யுகே பயோபேங்க் தரவிலும் இதே போக்குதான். என்னை யோசிக்க வைத்தது வேறு ஒரு விவரம்: எந்தக் கிருமி என்பது பெரிய வித்தியாசம் ஏற்படுத்தவில்லை. பாக்டீரியாவோ வைரஸோ, அபாயம் ஏறக்குறைய ஒரே மாதிரி கூடியது. குற்றவாளி ஒரே ஒரு கிருமியாக இருந்தால் இப்படி வருமா? கிருமிக்கு உடம்பு காட்டும் எதிர்வினையைத்தான் சந்தேகிக்கத் தோன்றுகிறது.

அவ்வளவு பேரைப் பார்த்தாயிற்றே, அப்புறம் ஏன் மரபணு ஆதாரம் வேண்டும்?

ஏனென்றால் எது முன், எது பின் என்று அந்தக் கணக்கு சொல்லாது. அல்சைமர் மூளைக்குள் 15, 20 ஆண்டுகள் சத்தமில்லாமல் வளர்ந்த பிறகே வெளியே தெரிகிறது. அந்த இடைக்காலத்தில் ஒருவர் தண்ணீர் குடிக்க மறக்கிறார், சிறுநீர்த் தொற்று வருகிறது. விழுங்குவதில் சிறு தடுமாற்றம், சாப்பாடு மூச்சுக்குழாயில் போய் நிமோனியா வருகிறது. ஏட்டில் பார்த்தால் முதலில் தொற்று, பிறகு மறதி நோய். உண்மையில் நோய்தான் தொற்றை அழைத்து வந்திருக்கும். வறுமை, சர்க்கரை நோய், புகைப்பழக்கம் என்று இரண்டுக்கும் பொதுவான காரணங்களும் உண்டு.

மரபணு இந்தச் சிக்கலுக்கு வெளியே நிற்கிறது. உத்திரமேரூர் கல்வெட்டில் சொல்லப்படும் குடவோலை முறை நினைவிருக்கும்: பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். கரு உண்டாகும்போது அப்பா அம்மாவின் மரபணுக்கள் பிள்ளைக்குப் போவதும் ஏறக்குறைய அப்படித்தான். எந்த வகை வரும் என்பதை நம் பழக்கமோ பணமோ பின்னால் வரும் நோயோ தீர்மானிப்பதில்லை. ஆகவே எதிர்ப்பு சக்தியை மாற்றும் ஒரு மரபணு வகை மறதி நோயாளிகளிடம் அதிகமாக இருந்தால், நோய் வந்ததால் அந்த மரபணு வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அம்பு ஒரே திசையில்தான் போகும்.

தேடிப் பார்த்ததில் என்ன கிடைத்தது?

எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்பதுதான் சுவாரசியம். 2009-இல் ஆயிரக்கணக்கானோரின் முழு மரபணுத் தொகுதியையும் சல்லடை போட்ட இரண்டு பெரிய ஆய்வுகள் ஒரே நேரத்தில் வெளியாயின. நினைவுக்கு வேலை செய்யும் நரம்பணுக்களின் மரபணுக்களே மாட்டும் என்று பலரும் நினைத்திருந்தார்கள். மாட்டியவற்றில் ஒன்று சிஆர்-1. அது ரத்தத்தில் கிருமிகளை அடையாளமிட்டு ஒழிக்கும் அமைப்பின் உறுப்பு. மலேரியா ஒட்டுண்ணி தாக்கிய சிவப்பணுக்கள் மற்றச் சிவப்பணுக்களோடு ஒட்டிக்கொள்ளப் பயன்படுத்துவதும் அதைத்தான். அடுத்தடுத்து சிடி-33, எச்எல்ஏ என்று எதிர்ப்பு மண்டலப் பெயர்களாகவே வந்தன. 2022-இல் வெளியான ஆய்வில் 1,11,326 நோயாளிகளையும் 6,77,663 மற்றவர்களையும் ஒப்பிட்டு, அல்சைமருடன் தொடர்புள்ள 75 இடங்களை மரபணுத் தொகுதியில் குறித்திருக்கிறார்கள்.

இந்த இடங்களில் பல, மரபணுவின் உள்ளே இல்லாமல் அதை இயக்கும் சுவிட்சுகளில் இருக்கின்றன. அந்த சுவிட்சுகள் மூளையின் எந்த அணுவில் வேலை செய்கின்றன என்று தேடினால், நரம்பணுக்களைவிட மைக்ரோக்ளியா என்ற அணுக்களிலேயே அதிகம்.

மைக்ரோக்ளியா என்பது என்ன?

மூளையின் காவலாளியும் துப்புரவுப் பணியாளரும் அதுதான். கரு மிகச் சிறியதாக இருக்கும்போதே, மஞ்சள்கருப் பையிலிருந்து கிளம்பி மூளைக்குள் குடியேறும் எதிர்ப்பு அணு. நுண்ணோக்கியில் பார்த்தால் சிறு உடலும் அதைச் சுற்றி நாலாபக்கமும் நீளும் மெல்லிய கிளைகளுமாகத் தெரியும். அந்தக் கிளைகள் சும்மா இருப்பதே இல்லை. நீண்டும் சுருங்கியும் அக்கம்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கும். செத்த அணு, புரதக் குப்பை, கிருமி எது அகப்பட்டாலும் கிளைகளைச் சுருக்கிக்கொண்டு உருண்டு திரண்டு போய் விழுங்கும்.

இந்தக் காவலாளிக்கும் மறதி நோய்க்கும் உள்ள தொடர்பை அசைக்க முடியாதபடி காட்டியது ட்ரெம்-2 என்ற மரபணு. மைக்ரோக்ளியாவின் மேல்தோலில் நின்று, "இங்கே குப்பை இருக்கிறது, வா" என்று செய்தி சொல்லும் ஏற்பி அது. அந்தப் புரதத்தின் 47-ஆவது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியவர்களுக்கு அல்சைமர் வாய்ப்பு இரண்டு முதல் நான்கு மடங்கு வரை கூடுவதை, ஐஸ்லாந்தின் டிகோட் நிறுவனக் குழுவும் லண்டனை மையமாகக் கொண்ட இன்னொரு குழுவும் 2012 இறுதியில் தனித்தனியாக அறிவித்தன. ஐரோப்பியரில் நூறு பேரில் ஒருவருக்குக்கூட இந்த மாற்றம் இருப்பதில்லை. ஆனால் அது சொன்ன சேதி பெரிது. அந்த ஏற்பி மூளையில் மைக்ரோக்ளியாவில்தான் இருக்கிறது. ஆகவே காவலாளி தளர்ந்தாலே நினைவு போகும். இரு பெற்றோரிடமிருந்தும் பழுதான ட்ரெம்-2 வந்தவர்களுக்கு நாசு-ஹகோலா என்ற அரிய நோய் வருகிறது: எலும்பில் கட்டிகள், 30, 40 வயதிலேயே டிமென்ஷியா.

எதிர்த் திசையிலும் சான்று உண்டு. மைக்ரோக்ளியாவைச் சற்றே சுறுசுறுப்பாக்கும் பிஎல்சிஜி-2 மரபணு வகை நோயிலிருந்து காக்கிறது. இது 2017-இல் தெரியவந்தது.

கெட்ட மரபணு என்றால் ஏன் இத்தனை தலைமுறையாக அழியாமல் இருக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஏபிஓஇ-4 ஒன்று இருந்தால் அல்சைமர் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு. இரண்டு பெற்றோரிடமிருந்தும் வந்தால் எட்டு முதல் பன்னிரண்டு மடங்கு (இவை ஐரோப்பிய வம்சாவளியினரின் கணக்கு). இவ்வளவு தீங்கு செய்யும் ஒன்றை இயற்கை ஏன் விட்டுவைத்தது?

பொலிவியாவின் அமேசான் காட்டோரம் சிமானே என்ற மக்கள் வாழ்கிறார்கள். வேட்டை, மீன்பிடி, சிறு விவசாயம். வயிற்றில் புழு இல்லாதவர் அங்கே குறைவு. அவர்களிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. ஒட்டுண்ணிச் சுமை குறைவாக இருந்தவர்களில் ஏபிஓஇ-4 இருந்தவர்கள், நாம் எதிர்பார்ப்பது போலவே, அறிவுத் தேர்வில் பின்தங்கினார்கள். ஒட்டுண்ணிச் சுமை அதிகம் இருந்தவர்களிடம் நிலைமை தலைகீழ்: அதே மரபணு உள்ளவர்கள் தாழ்ந்துபோகவில்லை, கொஞ்சம் நன்றாகவே செய்தார்கள். பிரேசிலின் ஃபோர்டலேசா நகரக் குடிசைப் பகுதியில் ஓயாத வயிற்றுப்போக்கால் அவதிப்பட்ட குழந்தைகளிடமும் ஏபிஓஇ-4 அறிவு வளர்ச்சியைக் காப்பதாகத் தெரிந்தது. ஹெபடைடிஸ் சி தொற்றில் ஏபிஓஇ-4 உள்ளவர்களின் கல்லீரல் குறைவாகவே சேதமாவதை இட்சாக்கியின் குழுவே 2002-இல் காட்டியது.

ஆக, குழந்தைப் பருவத்தில் கிருமியிடமிருந்து காத்த அதே கை, கிருமி குறைந்த ஊரில் 75 வயது வரை வாழ்ந்தால் மூளையில் ஓங்குகிறது. என் பார்வையில் இது மனத்துக்கு ஓர் ஆறுதல்கூட. அம்மாவிடமிருந்து "கெட்ட மரபணு" வந்துவிட்டதே என்று வருந்துபவர்கள், அந்த மரபணு நம் முன்னோரில் எத்தனை பிள்ளைகளைப் பேதியிலிருந்து கரை சேர்த்திருக்கலாம் என்பதையும் நினைக்க வேண்டும்.

சிடி-33-இன் கதையும் இதே ரகம். அது மைக்ரோக்ளியாவுக்கு பிரேக் போன்றது. அதன் ஒரு வகை அந்த பிரேக்கைத் தளர்த்தி, முதுமையில் மூளையைக் காக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவம் படித்து, பின்னர் கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் ஆய்வு செய்யும் அஜித் வர்க்கியும் அவர் சகாக்களும், இந்தக் காக்கும் வகை மனித இனத்தில் மட்டுமே தோன்றியது என்று காட்டினார்கள். அதை ஊக்குவித்தது எது? மேக வெட்டை கொண்டுவரும் கிருமி, நம் உடல் அணுக்களின் சர்க்கரைப் போர்வையைத் தானும் போர்த்திக்கொண்டு சிடி-33-ஐ ஏமாற்றுகிறது. அதற்கு எதிராக வந்த மாற்றமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. பிள்ளை பெறும் வயதில் கிருமியை எதிர்க்க வந்தது, பாட்டிமார்களின் நினைவுக்குக் காவலாக ஆகியிருக்கிறது.

எச்எல்ஏ என்று அடிக்கடி வருகிறதே?

சிறுநீரக மாற்று சிகிச்சைக்குப் பொருத்தம் பார்ப்பார்களே, அதே எச்எல்ஏதான். கிருமியின் துண்டுகளை எடுத்து எதிர்ப்பு அணுக்களுக்குக் காட்டும் தட்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஆள் தட்டின் வடிவம் மாறும். அதனால்தான் ஒரே வைரஸுக்கு உங்கள் உடம்பும் என் உடம்பும் வேறு வேறு அளவில் எதிர்ப்புப் பொருள் உண்டாக்குகின்றன. யுகே பயோபேங்கில் சுமார் 10,000 பேரின் ரத்தத்தில் 20 கிருமிகளுக்கான எதிர்ப்புப் பொருள்களை அளந்தார்கள். அந்தத் தரவில் வைரஸ்களைப் பார்த்த மரபணு ஆய்வில் மிக அழுத்தமாகத் தெரிந்தது இந்த எச்எல்ஏ பகுதியே. அல்சைமர் வரைபடத்திலும் அதே பகுதி தலைகாட்டுகிறது.

2023-இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்தவர்களும் மற்ற நாட்டவரும் சேர்ந்து செய்த ஆய்வில், டிஆர்-4 என்ற எச்எல்ஏ வகை உள்ளவர்களுக்கு அல்சைமர், பார்க்கின்சன் இரண்டின் வாய்ப்பும் சுமார் 10 சதவீதம் குறைவு என்று தெரிந்தது. அந்தத் தட்டில், அல்சைமர் மூளையில் முறுக்கிக்கொள்ளும் டாவ் புரதத்தின் ஒரு துண்டு நன்றாகப் பொருந்துகிறது. எதிர்ப்பு மண்டலம் அதைக் கழித்துக்கட்டுகிறது போலும். ஆனால் இதே டிஆர்-4 வகைகளில் சில, முடக்குவாதத்துக்கும் முதல் வகைச் சர்க்கரை நோய்க்கும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. எதிர்ப்பு சக்தியில் முழுக்க நல்லது என்று ஒன்று கிடையாது.

கோவிட் வந்தவர்களுக்கு மறதி நோய் வருமா?

கோவிடுக்குப் பின் கவனக்குறைவும் மந்தமும் சிலருக்கு மாதக்கணக்கில் நீடிப்பது உண்மை. அது டிமென்ஷியா இல்லை. மரபணுப் பக்கம் ஒரு தொடர்பு உண்டு. வைரஸ் நுழைந்ததும் எச்சரிக்கை மணி அடிக்கும் ஓஏஎஸ்-1 மரபணுவின் வகைகள் அல்சைமர் வாய்ப்புடனும் கடுமையான கோவிடுடனும் தொடர்புடையவை என்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2021-இல் சொன்னார்கள். விளைவின் அளவு சிறியது. கோவிட் வந்துபோனவர்கள் இதை வைத்துத் தூக்கம் கெடத் தேவையில்லை.

அல்சைமர் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதம் கிருமியைக் கொல்வதற்காகவே உருவாகிறது என்கிறார்களே?

பாஸ்டனில் ராபர்ட் மோயரும் ருடால்ஃப் டான்சியும் 2010-இல் இந்தக் கருத்தை முன்வைத்தார்கள். சோதனைக் குழாயில் அமிலாய்டு பல கிருமிகளைத் தடுத்தது. 2016-இல் எலிகளில் காட்டினார்கள்: மூளையில் சால்மொனெல்லா பாக்டீரியாவைச் செலுத்தியபோது, அமிலாய்டு அதிகம் உள்ள எலிகள் கூடுதல் நாள் உயிரோடு இருந்தன. புரதம் கிருமியைச் சுற்றி வலை பின்னிச் சிறைப்பிடித்திருந்தது. 2020-இல் வேறொரு குழு, வைரஸை எதிர்க்க உடம்பு அதிகமாக உற்பத்தி செய்யும் ஐஎஃப்ஐடிஎம்-3 என்ற புரதமே, அமிலாய்டை வெட்டித் தரும் நொதியோடு சேர்ந்து அதன் வேகத்தைக் கூட்டுவதைக் கண்டது. அழகான கருத்து, நம்பத் தூண்டும் கருத்து. மனித மூளையில் நோய் தொடங்குவதே இப்படித்தான் என்பதற்கு நேரடிச் சான்று இன்னும் இல்லை.

சரி, அப்படியானால் தொற்றுதான் காரணம் என்று மரபணு நிரூபித்துவிட்டதா?

இல்லை. இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மரபணுக்கள் நிரூபித்திருப்பது, எதிர்ப்பு அணுக்கள் இந்த நோயின் நடுவில் நிற்கின்றன என்பதை. அந்த அணுக்களை உசுப்பியது கிருமியா, அமிலாய்டுக் குப்பையா, வயதா, ரத்தக்குழாய் அடைப்பா என்று அவை சொல்வதில்லை. தீயணைப்பு வண்டிகள் சரியில்லாத ஊரில் அதிக வீடுகள் எரிகின்றன என்று தெரிந்தால், தீ வைத்தது யார் என்று தெரிந்ததாகிவிடாது.

ஹெர்பிஸ் தொற்று வரும் வாய்ப்பைக் கூட்டும் மரபணு வகைகளை எடுத்துக்கொண்டு, அவை அல்சைமரையும் கூட்டுகின்றனவா என்று குடவோலை முறையில் சோதித்த 2021 ஆய்வு ஒன்றில் தொடர்பு தென்படவில்லை. இதையும் முழுத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு அந்த வைரஸ் ஏற்கெனவே உடம்பில் இருக்கிறது; தொற்று வருகிறதா இல்லையா என்பதில் மரபணுவின் பங்கு சிறிது, ஆகவே அளவுகோலே மெலிந்தது. எச்எல்ஏ பகுதியிலும் சிக்கல் உண்டு. அங்கே மரபணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு கூட்டமாகவே அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. கூட்டத்தில் யார் செய்த வேலை என்று பிரிப்பது கடினம்.

மருந்துச் சோதனையும் கைகொடுக்கவில்லை. ஆரம்பக் கட்ட அல்சைமரும் ஹெர்பிஸ் தொற்றின் தடயமும் உள்ள 120 பேருக்கு வாலசைக்ளோவிர் என்ற ஹெர்பிஸ் எதிர்ப்பு மருந்தைக் கொடுத்துப் பார்த்த அமெரிக்கச் சோதனையின் முடிவு 2025-இல் வந்தது. மருந்து நோயை மெதுவாக்கவில்லை. நோய் தொடங்கிய பிறகு வைரஸை அடக்குவது காலம் கடந்த செயலாக இருக்கலாம். எப்படியானாலும், அப்பாவுக்கு மறதி என்று மருந்துக்கடையில் வைரஸ் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

அக்கி தடுப்பூசி போட்டால் மறதி நோய் வாய்ப்பு குறைகிறது என்ற செய்தி மட்டும் உண்மையா?

இதுவரை வந்தவற்றில் உறுதியான சான்று அதுதான்.

அக்கி என்றதும் எனக்கு என் அம்மாச்சி நினைவுதான். முதுகில் ஒரு பக்கம் மட்டும் பட்டையாகச் சிவந்து, முத்து முத்தாகக் கொப்புளம். குயவர் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். அந்த வீட்டு அம்மா காவியைத் தண்ணீரில் குழைத்து, கோழி இறகால் தொட்டு, கொப்புளத்தைச் சுற்றிக் கோடு இழுத்தார். அக்கி எழுதுவது என்று பெயர். அம்மாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொப்புளம் பத்துப் பதினைந்து நாளில் காய்ந்துவிட்டது. எரிச்சல் மட்டும் ஒரு வருடம் போகவில்லை, ரவிக்கை உரசினாலே துடிப்பார். சின்ன வயதில் அம்மை போட்டதே, அந்த வைரஸ் நரம்பு முடிச்சில் படுத்துக் கிடந்து, எதிர்ப்பு சக்தி தளரும் வயதில் எழுந்துகொள்கிறது. அதுதான் அக்கி.

வேல்ஸில் 2013 செப்டம்பர் 1 அன்று அக்கி தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது ஒரு விதி வைத்தார்கள்: 1933 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு உண்டு, அதற்கு முன் பிறந்தவர்களுக்கு எப்போதும் கிடையாது. ஒரு வாரம் முன்னே பின்னே பிறந்த இரண்டு முதியவர்களுக்கிடையே உடல்நலத்திலோ படிப்பிலோ என்ன வேறுபாடு இருக்கப் போகிறது? ஊசி போட்டவர்கள் மட்டும் ஒரு பக்கம் 0.01 சதவீதம், மறுபக்கம் 47 சதவீதம். பிறந்த தேதியே இங்கே குடவோலை. ஸ்டான்ஃபோர்டின் பாஸ்கல் கெல்ட்செட்ஸர் குழு இதைப் பயன்படுத்தி 2.8 லட்சம் பேரின் பதிவேடுகளை ஆராய்ந்து 2025 ஏப்ரலில் வெளியிட்டது. ஏழு ஆண்டுகளில் புதிதாக டிமென்ஷியா கண்டறியப்படும் வாய்ப்பு, ஊசி போட்டவர்களிடம் 3.5 சதவீதப் புள்ளிகள், அதாவது ஐந்தில் ஒரு பங்கு, குறைந்திருந்தது. பெண்களுக்குப் பலன் தெளிவாகவே அதிகம். ஆஸ்திரேலியாவிலும் இதே போன்ற வயது விதியை வைத்துப் பார்த்தபோது பலன் தெரிந்தது.

வைரஸ் விழித்தெழாமல் ஊசி தடுத்ததாலா, ஊசி எதிர்ப்பு சக்தியையே பொதுவாகத் தட்டி எழுப்பியதாலா என்பது இன்னும் விவாதம். "ஊசி போட்டால் டிமென்ஷியாவே வராது" என்று யாராவது சொன்னால் அது மிகை. வேல்ஸில் போட்டது உயிருள்ள வைரஸைப் பலவீனப்படுத்திச் செய்த பழைய ஊசி. இந்தியாவில் 2023 முதல் கிடைப்பது ஷிங்ரிக்ஸ். 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டு டோஸ். அமெரிக்கப் பதிவேடுகளை வைத்து 2024-இல் வெளியான ஆய்வில், பழைய ஊசி போட்டவர்களைவிட ஷிங்ரிக்ஸ் போட்டவர்கள் டிமென்ஷியா இல்லாமல் கூடுதல் காலம் இருந்தார்கள். விலை அதிகம். அக்கி வலியைத் தவிர்க்கவே அது போட்டுக்கொள்ளத் தகுந்தது என்பேன், அம்மாச்சியைப் பார்த்தவன் என்ற முறையில். உங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஐரோப்பியர்களிடம் செய்த ஆய்வு நமக்குப் பொருந்துமா?

ஓரளவுக்குத்தான். ஏபிஓஇ-4-ஐயே எடுத்துக்கொள்வோம். நைஜீரியாவின் இபடானில் யொரூபா மக்களிடம் அதற்கும் அல்சைமருக்கும் உள்ள தொடர்பு ஐரோப்பியரிடம் இருப்பதைவிடப் பலவீனம். ஹரியானாவின் பல்லப்கட் கிராமங்களில் நடந்த இந்திய-அமெரிக்க ஆய்வில், அந்த மரபணு வகையே அமெரிக்க ஒப்பீட்டு ஊரைவிடக் குறைவாக இருந்தது; இருந்தவர்களுக்கு அபாயம் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி. எச்எல்ஏ வகைகளோ இனத்துக்கு இனம் பெரிதும் மாறுபவை, நாம் வாழும் கிருமிச் சூழலும் வேறு. சென்னையும் வேலூர்க் கிராமங்களும் பல ஆண்டுகளுக்கு முன்பே டிமென்ஷியா கணக்கெடுப்பில் பங்கேற்றவை. நம் மக்களின் மரபணுத் தொகுதியையும் தொற்று வரலாற்றையும் சேர்த்து, பெரிய அளவில் படிக்க வேண்டிய காலம் இது.

மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாமா?

ஆர்வத்துக்காக வேண்டாம் என்பது என் கருத்து. ஏபிஓஇ-4 இருப்பவர்களில் பலருக்கு நோய் வருவதில்லை, இல்லாதவர்கள் பலருக்கு வருகிறது. குடும்பத்தில் பலருக்கு 60 வயதுக்கு முன்பே மறதி நோய் வந்திருந்தால் மட்டும், மரபணு ஆலோசகரைப் பார்த்துப் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

சிறுநீர்த் தொற்று வந்தபின் அம்மா ஆளே மாறிவிட்டார். டிமென்ஷியா தொடங்கிவிட்டதா?

உடனே அப்படி முடிவு கட்டாதீர்கள். என் பெரியம்மாவுக்கு 78 வயதில் இது நடந்தது. திங்கட்கிழமை வரை காய்கறிக்காரரிடம் பேரம் பேசியவர், புதன்கிழமை இரவு சுவரைப் பார்த்துச் செத்துப்போன தம்பியிடம் பேசிக்கொண்டிருந்தார். என் கையைப் பிடித்து "யார் வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறாய்?" என்றார். காய்ச்சல்கூட இல்லை. "வயசாகிவிட்டது, இனி இப்படித்தான்" என்று சொல்லி அனுப்பினார் முதலில் பார்த்த மருத்துவர். இரண்டாவதாகப் பார்த்தவர் சிறுநீர்ப் பரிசோதனை எழுதினார். தொற்று இருந்தது. மருந்து கொடுத்து, தண்ணீர் ஏற்றி, ஆறாம் நாள் பெரியம்மா கண்ணாடி எங்கே என்று கேட்டு, பேப்பரை எடுத்து ராசிபலன் படித்தார்.

இதற்கு டெலிரியம் என்று பெயர். மறதி நோய் மாதக்கணக்கில் மெல்ல வரும். இது மணிக்கணக்கில், நாள்கணக்கில் வரும். காலையில் தெளிவாகவும் இரவில் மோசமாகவும் மாறி மாறி இருக்கும். உடம்பில் எங்கோ எரியும் தொற்றின் வேதிச் செய்திகள் மூளையை எட்டி, அங்குள்ள மைக்ரோக்ளியாவை உசுப்பிவிடுவதும் இதற்கு ஒரு காரணம். டெலிரியம் வந்த முதியவர்களுக்குப் பின்னாளில் டிமென்ஷியா வாய்ப்பு கூடுகிறது என்பதால், இதை வந்தது போனது என்று விட்டுவிடவும் கூடாது. திடீரென்று குழப்பம் என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டி, சிறுநீர், நெஞ்சுச் சளி, சர்க்கரை, உப்புச் சத்து, புதிதாகத் தொடங்கிய மாத்திரைகள் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் விளக்கைப் போட்டு வையுங்கள், கண்ணாடியும் காதுக் கருவியும் போட்டுவிடுங்கள், தெரிந்த முகம் ஒன்று பக்கத்திலேயே இருக்கட்டும். பெரியம்மா அந்த ஐந்து இரவும் என் அக்காவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினார்.